கிச்சாவின் முதல் பருக்கை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். கார்த்திகை மாதம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மழையைச் சொல்லாமல் யாரும் இதைச் சொன்னதில்லை. செங்கமலம் சொன்னதும் ஜலஜா சொன்னதும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த இடங்களில் நான் செங்கமலத்தின் பக்கம் நின்றிருக்கிறேன். அவள் குறைவாகப் பேசுகிறவள். அவளுடைய ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு தம்ளர் மோரைக் குடித்து முடித்துவிடலாம். அவ்வளவு நேரம் யோசித்துச் சொன்னது பொய்யாக இருக்காது என்று ஒரு நம்பிக்கை.

மயிலாப்பூரில், சித்திரகுளத்துக்கு மேற்கே இருந்த வீடுகளில் ஒன்றில் ஸ்ரீரங்கன் குடியிருந்தான். அருகிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயர். மனைவி ஜலஜா. அவனுக்கு நான்கு வயது மூத்த அக்கா செங்கமலம். பதினான்கு வயதில் புருஷனை இழந்தவள். தலையை மழித்து, வெள்ளைப் புடவையை முக்காடாக இழுத்துப் போர்த்தி, முப்பத்தெட்டு வயதில் ஐம்பது வயதுக்காரியின் நடை நடந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டின் சமையலறையும் பெருமாள் அலமாரியும் அவள் பொறுப்பு. மற்றதெல்லாம் தம்பியின் பொறுப்பு என்று அவள் சொல்லுவாள். மற்றது என்று அதிகம் எதுவும் இருக்கவில்லை.

கிச்சா மூன்றாவது குழந்தை. முதலாவது ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம் இருந்து, சிரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு போயிற்று. மூன்றாவதற்கு வலி எடுத்தபோது கர்ப்பத்துக்கு எட்டாம் மாதம் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஐப்பசி மழை. பிரசவ அறையின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த செங்கமலம், உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்காத அந்தச் சில நிமிஷங்களில், இரண்டு கையையும் தூக்கி வாய்விட்டே சொன்னாள்.

"ஏழுமலையானே, இதையாவது விட்டுவை. இவனுக்கு முதல் அன்னம் உன் மலையிலதான். அதுவரைக்கும் ஒரு பருக்கை இவன் வாயிலே படாது."

சொல்லி முடிப்பதற்கும் உள்ளே பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. முதல் இரண்டுக்கும் தான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதைப் பிழைக்க வைத்தது அந்த ஒரு வாக்கியம் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. மருத்துவச்சி குழந்தையை வெந்நீர்ப் பானைக்கு அருகில் பஞ்சில் சுற்றி வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற முதுகு. அவனுக்குக் கிருஷ்ணன் என்று பெயர் வைத்து, கிச்சா என்று கூப்பிட்டார்கள்.

மூன்றாம் மாதம் ஜலஜாவுக்கு ஜுரம் வந்து பால் வற்றியது. பால்காரக் குப்பன் வாசலில் பசுவைக் கொண்டுவந்து நிறுத்திக் கறந்துவிட்டுப் போவான். அதில் தண்ணீர் கலந்து காய்ச்சி, சங்கில் ஊற்றிச் செங்கமலமே புகட்டுவாள். ஆறாம் மாதம் மலைக்குப் போவதென்று நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தச் சித்திரையில்தான் கும்பகோணத்துச் சித்தப்பா காலமானார். தாய் தகப்பன் இல்லாத அக்காளையும் தம்பியையும் வளர்த்தவர். பிள்ளை இல்லாதவர். ஸ்ரீரங்கன்தான் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது.

புரோகிதர் நல்ல மனுஷர். "குழந்தைக்கு ஆத்துலேயே அன்னம் ஊட்டிடலாம். மஞ்சத் துணியிலே காசு முடிஞ்சு பெருமாள் சன்னதியிலே வையுங்கோ. வருஷம் கழிச்சு மலைக்குப் போய்ச் சேத்துடலாம். பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்" என்றார்.

"உம்மகிட்டே வந்து சொன்னாரா?" என்று செங்கமலம் கேட்டாள்.

புரோகிதர் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சங்கில் பால் தொடர்ந்தது. ஏழு, எட்டு, ஒன்பது மாதம்.

கிச்சா வெளுத்துக்கொண்டே வந்தான். ஸ்ரீரங்கன் கறுப்பு. ஜலஜா மாநிறம். இவன் மட்டும் சந்தன நிறத்திலிருந்து பால் நிறத்துக்கும், பால் நிறத்திலிருந்து மெழுகு நிறத்துக்கும் போனான். பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி நாளுக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

"துரைக் குழந்தைடி இது! ஜலஜா, நீ குங்குமப்பூவா தின்னே?"

"எல்லாம் பால்" என்பாள் செங்கமலம். அவள் குரலில் பெருமை இருந்தது. வேறு எதிலும் அவளுக்குப் பெருமைப்பட இடம் இருந்ததில்லை.

அழமாட்டான். போட்ட இடத்தில் கிடப்பான். மற்றக் குழந்தைகளைப் போல் வீட்டைப் புரட்டிப் போடுவதில்லை. சமத்து என்றார்கள். பத்தாம் மாதம் மெதுவாகத் தவழ ஆரம்பித்தபோது, துளசி மாடத்தருகே போய் மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு கூடத்துச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டித் தின்றான். அன்றைக்குச் செங்கமலம் சிரித்த மாதிரி அந்த வீட்டில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வாயைத் திறடா கள்ளா! ஈரேழு லோகமும் உள்ளே இருக்கா, பார்ப்போம்" என்று அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பேரும் கிருஷ்ணன், செய்கையும் கிருஷ்ணன். ஜெயலக்ஷ்மி மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். உதட்டோரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஜலஜா சிரிக்கவில்லை. அவள் அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள். தண்ணீரிலிருந்து தூக்கும்போது அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொள்வதைக் கவனித்திருந்தாள். ஆனால் அவள் கையில் ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. மூன்றாவதைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை உண்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, தெருவில் கார்ப்பரேஷன் நர்ஸ் மரியசெல்வம் போய்க்கொண்டிருந்தாள். சாந்தோம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பயிற்சி முடித்து, கறுப்புப் பையும் குடையுமாக வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. ஜலஜா வாசலில் நின்று கையசைத்துக் கூப்பிட்டாள். செங்கமலம் சமையலறையிலிருந்து வருவதற்குள் நர்ஸ் ரேழிவரை வந்துவிட்டாள்.

"யாரும்மா அது?"

"கார்ப்பரேஷன் நர்ஸ், மாமி. புள்ளைங்களப் பாத்துக்கினு போறேன்."

"எங்காத்துக் குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே. பாரேன், எவ்வளவு வெளுப்பா இருக்கான்."

"அதைத்தான் மாமி பாத்துக்கினு கீறேன்."

நர்ஸ் ஜலஜாவின் இடுப்பிலிருந்த குழந்தையின் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்தாள். பிறகு அவன் கையை விரித்து, தன் கையை அதன் பக்கத்தில் விரித்தாள். அவள் நல்ல கறுப்பு. ஆனால் உள்ளங்கை ரேகைகளில் செம்மை ஓடியது. குழந்தையின் உள்ளங்கை ஊறவைத்து அரைத்த மாவைப் போல் இருந்தது.

"இன்னா குடுக்கிறீங்க?"

"பால்" என்றாள் செங்கமலம்.

"பாலோட?"

"பால்தான். பதினோரு மாசம் ஆறது."

"பதினோரு மாசமாவா?" நர்ஸ் அவளையே பார்த்தாள். "எங்க குப்பத்துல ஆறு மாசத்துப் புள்ள கஞ்சியும் மீனும் நக்கிட்டு, இன்னும் குடுன்னு அம்மா முடியப் புடிச்சு இழுக்கும் மாமி."

"இங்கே மீனெல்லாம் பேசாதே."

"பேசல. இது செவப்புத் தோலு இல்ல மாமி. ரத்தம் இல்லாத வெளுப்பு."

நர்ஸ் ஜலஜாவிடம் திரும்பி, குழந்தை எத்தனையாம் மாதத்தில் பிறந்தது என்று கேட்டுக்கொண்டாள். எட்டாம் மாதம் என்றதும் தலையை ஆட்டினாள்.

"வயித்துல கீறச்சொல்ல, கடைசி ரெண்டு மூணு மாசத்துலதாம்மா தாயி புள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டுது. இரும்புச் சத்து. ரத்தம் ஊற அதான் வேணும். ஆறு மாசத்துக்குத் தாங்கும். உங்க புள்ள மூட்டையக் கட்டி முடிக்கறதுக்குள்ள வண்டி ஏறிடிச்சு. பால்ல அந்தச் சத்து கெடையாது. எத்தினி படி ஊத்துனாலும் கெடையாது."

"சுவத்தைச் சுரண்டித் திங்கறானே..." என்று ஜலஜா மெல்ல ஆரம்பித்தாள்.

"திம்பான். ரத்தம் கொறைஞ்சா மண்ணு திங்கத் தோணும். அது சீக்கும்மா, வெளையாட்டு இல்ல."

சீக்கு என்ற அந்த வார்த்தையைச் செங்கமலம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. வெளுப்பு, சமத்து, மண். மூன்றையும் தான் கடாட்சம் என்று எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒரே நோயின் பெயர்கள் என்று ஒரு மீன்காரப் பெண் ரேழியில் நின்றுகொண்டு சொல்கிறாள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்று, குளிர்ந்து, அசைந்தது.

மந்தைவெளியில் ஒரு வாடகை வீட்டில் நடந்த சிசு சம்ரட்சண நிலையத்துக்கு ஸ்ரீரங்கனும் ஜலஜாவும் குழந்தையைத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா ஒரு பாட்டில் இரும்பு மிக்ஸ்சரும் ஒரு காகிதமும் கொடுத்தாள். மருந்துக்குச் செங்கமலம் தடை சொல்லவில்லை. மருந்து அன்னம் ஆகாது. காகிதத்தை ஸ்ரீரங்கன் கூடத்தில் நின்று உரக்கப் படித்தான்.

"கீரை, பருப்பு, கேழ்வரகு... முட்டையின் மஞ்சள் கரு... ஆட்டு ஈரல்..." அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"ஏன் நிறுத்தினே? அடுத்தது பசு மாடா?" என்றாள் செங்கமலம்.

மருந்து கொடுக்க ஆரம்பித்த நான்காம் நாள் குழந்தை கரியைக் கரைத்த மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனான். செங்கமலம் துணியைப் பார்த்தாள். உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் கெட்டு வெளியே வருகிறது என்று நினைத்தாள். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். பத்து நாள் கழித்து வந்த மரியசெல்வம் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இரும்பு குடிச்சா கறுப்பாத்தான் மாமி போவும்! போவலேன்னாத்தான் கவலைப்படணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றாள்.

அவள் தப்பை ஒப்புக்கொண்ட விதம் செங்கமலத்துக்குப் பிடித்திருந்தது. வேறு பாட்டில் வந்தது. ஆனால் குழந்தைக்கு மருந்து வயிற்றில் தங்கவில்லை. பாதி நாள் வாந்தி. உணவில்லாமல் மருந்து மட்டும் போதாது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினாள்.

ஸ்ரீரங்கன் ஒருநாள் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "அக்கா, நீ வேண்டிண்டது அன்னம்தானே? பருக்கைன்னுதானே சொன்னே? கேழ்வரகுக் கஞ்சி அன்னமாகுமா? கீரைத் தண்ணி பருக்கையாகுமா? யோசிச்சுப் பாரு."

"பெருமாளுக்கு எதிரா வக்கீல் வைக்கறியாடா, ரங்கா?"

"அப்படியில்லே..."

"வாயால பருக்கைன்னேன். மனசாலே எல்லாத்தையும்தான் சொன்னேன். அவருக்கு வாய் மட்டும்தான் கேக்குமா?"

ஸ்ரீரங்கன் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு குளக்கரைப் பக்கம் நடந்தான். அன்றைக்கு அவன் வெகுநேரம் திரும்பவில்லை. செங்கமலம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு உயிரை வாங்கியிருக்கிறோம். சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் உயிரை யார் விட்டுவைப்பார்கள்? அவளுடைய பயம் அவ்வளவுதான். அதைத் தம்பியிடம் சொல்லியிருந்தால் அவன் பதில் ஏதாவது யோசித்திருப்பான். சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்தது. ஒரு வாரம் விடாத மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். கிச்சாவுக்கு ஜுரம் வந்து நெஞ்சில் கட்டிக்கொண்டது. மூச்சு விடும்போது விலாவுக்கு நடுவே குழி விழுந்தது. மரியசெல்வம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து வந்தாள். ரேழியில் நின்றவளைச் செங்கமலம், "ஈரத்தோட நிக்காதே, உள்ளே வா" என்றாள். கூடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நர்ஸ் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"குருவி மாதிரி அடிச்சிக்குது. ஜுரம் எறங்கற வரைக்கும் அந்த மிக்ஸ்சர் வாணாம். எறங்கும், இந்த வாட்டி எறங்கிடும். ஆனா மாமி, நீங்க சொல்ற சித்திரைக்கு இன்னும் அஞ்சு மாசம் கீது. இந்தப் புள்ளைக்கு அஞ்சு மாசம் இல்ல. இன்னொரு ஜுரத்தத் தாங்க ஒடம்புல ரத்தம் இல்ல."

ஜலஜா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். செங்கமலம் அந்த மழையைக் கேட்டுக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"உங்கள்ளே நேர்ந்துக்கறது உண்டா?"

"ஏன் இல்ல? எங்கண்ணன் மிக்கேல் பொறந்தப்போ வேளாங்கண்ணில மொட்டை போடறதா எங்கம்மா வேண்டிக்கினாங்க. கட்டுமரம் ஒடைஞ்சு போச்சு, வலை போச்சு, இன்னிவரைக்கும் போவல. அவனுக்கு முப்பது வயசு. முடி தானாவே கொட்டிக்கினு கீது."

செங்கமலத்தின் உதடு அசைந்தது. சிரிப்பாக மாறுவதற்குள் நிறுத்திக்கொண்டாள். "உங்க மாதா கோவிச்சுக்கலையா?"

"அவங்களும் ஒரு புள்ளையப் பெத்து வளத்தவங்கதானே, மாமி" என்றாள் மரியசெல்வம், குடையை உதறிக்கொண்டே.

மறுநாள் ஏகாதசி. செங்கமலம் ஏகாதசியில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அன்று பகல் முழுவதும் குழந்தையின் பாயருகே உட்கார்ந்திருந்தாள். ஜபமாலை கையில் இருந்தது, உருளவில்லை. குழந்தை தூங்கியது என்பதைவிட, கிடந்தது என்று சொல்ல வேண்டும். அவள் யோசித்தது குழப்பமான யோசனை இல்லை. வாக்குக் கொடுத்தவள் தான். ரங்கனோ ஜலஜாவோ ஊட்டினால், பழி அவர்கள் தலையில் விழும். பெற்றவர்கள் மேல் விழுவது குழந்தைமேலும் விழும். வேறு யாராவது செய்துவிடட்டும் என்று தான் கண்ணை மூடிக்கொண்டால் அது கோழைத்தனம். கேழ்வரகு, கீரைத் தண்ணீர் என்று பக்கவாட்டில் நுழைவது ஏமாற்று. உடைப்பதென்றால் உடைப்பதுதான். தாலி அறுத்தவள் கையால் ஒரு குழந்தைக்கு முதல் அன்னம் ஊட்டக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் அவள் யோசித்தாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அதன்பிறகு தனக்குப் பயமே இல்லை என்று அவள் சொன்னாள். நான் அதை நம்பவில்லை.

துவாதசிப் பொழுது விடிகிற நேரம். கிணற்றடியில் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டினாள். ஏகாதசி விரதத்தை முடிக்கிற பாரணைக்கு வழக்கமானவை: அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, பாசிப்பருப்பு, சாதம். எல்லாவற்றையும் பெருமாளுக்குக் காட்டிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தாமல் திறந்தே வைத்தாள்.

"உடைக்கிறது நான்" என்றாள், அவர் முன்னால் நின்று. "குழந்தை இல்லை. அவனைப் பெத்தவா இல்லை. இந்தக் கையைப் பார்த்துக்கோ."

சாதத்தையும் பருப்பையும் நெய் விட்டுக் குழைய மசித்தாள். கீரையைக் கசக்கிப் பிழிந்து, அதில் ஒரு சிட்டிகை சேர்த்தாள். நெல்லிக்காய்ப் பச்சடியில் விரலைத் தோய்த்துக் கலந்தாள். பாயருகே உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, விரல் நுனியில் எடுத்து அவன் உதட்டில் வைத்தாள்.

கிச்சா முகத்தைச் சுளித்துத் துப்பினான். கசப்பு. இரண்டாவது முறை நாக்கால் வெளியே தள்ளினான். மூன்றாவது உள்ளே தங்கிற்று. வாயை அசைத்து, அசைத்து, ஏதோ தெரியாத ஊருக்கு வந்தவன் போலக் கண்ணை அகல விழித்து, விழுங்கினான். பிறகு வாயைத் திறந்தான். மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் திறந்த அதே வாய்.

நான்காம் வாய் ஊட்டும்போது நிலைப்படியில் ஜலஜா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. ஒரு பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஜலஜா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா... நான் முன்னமே குடுத்துட்டேன்."

செங்கமலத்தின் விரல் நின்றது.

"போன வாரம். மூணு நாள். பருப்பும் கீரையும் மசிச்சு, கிணத்துக்குப் பின்னாலே ஒக்காந்துண்டு. நாலாம் நாள் ஜுரம் வந்துடுத்து." ஜலஜா குழந்தையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "நான் குடுத்ததாலதான் வந்துதுன்னு... பெருமாள் எடுத்துண்டு போகப் போறார்னு... உங்ககிட்டயும் சொல்லலை, உங்க தம்பிகிட்டயும் சொல்லலை."

மழை சற்று ஓய்ந்திருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். செங்கமலம் ஜலஜாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் ஒரு வாரமாக இதைச் சுமந்துகொண்டு, தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, தனக்கு முன்னால் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எத்தனை வாய் சாப்பிட்டான்?"

"நாலஞ்சு."

"துப்பினானா?"

"துப்பலை."

"என்கிட்ட மட்டும் துப்பறான், படவா" என்றாள் செங்கமலம். பிறகு, "ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? நேத்திக்குப் பூரா சொட்டு ஜலம் இல்லாம ஒக்காந்துண்டு, நான் ஒருத்தியே அவரோட மல்லுக்கட்டிண்டிருந்தேன்."

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது; அதற்குப் பின்னாலேயே அழுகை வந்தது; இரண்டும் சேர்ந்து வர, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. மழை ஜுரம் அது. தெருவிலே பாதிக் குழந்தைகளுக்கு வந்திருக்கு. நீ குடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது." அதை அவள் தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னாள். உள்ளே அவள் அதை அந்தக் கணத்தில் நம்பினாளா என்று கேட்டேன். "அவ நம்பணுமே" என்றாள் கடைசியில்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு நீ ஊட்டாதே" என்றாள் ஜலஜாவிடம் அப்போது. "நான்தான் ஊட்டுவேன். நீ பக்கத்திலே ஒக்காந்துக்கோ."

ஜலஜாவுக்குக் காரணம் புரிந்தது. வாதாடவில்லை. நகர்ந்து வந்து குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கன் எழுந்து வந்தபோது, இரண்டு பெண்களுக்கும் நடுவில் கிச்சா, முகமெல்லாம் பச்சையாக, மூச்சு வாங்கிக்கொண்டே மென்றுகொண்டிருந்தான். ஸ்ரீரங்கன் திறந்திருந்த பெருமாள் அலமாரியைப் பார்த்தான், அக்காவின் கையைப் பார்த்தான். கணக்கு உபாத்தியாயருக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. "குப்பன் வந்துட்டானா பார்க்கறேன்" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனான். தன் முகத்தை யாரும் பார்க்காதபடி போனான்.

ஜுரம் ஐந்தாம் நாள் இறங்கியது. மிக்ஸ்சர் மறுபடி தொடங்கியது; சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தபோது வயிற்றில் தங்கிற்று. பாலைக் குறைத்தார்கள். கீரை, பருப்பு, கேழ்வரகு, வெல்லம். ஒரே வாரத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. மார்கழி முழுவதும் அவன் வெளுப்பாகத்தான் இருந்தான். தை மாதத்தில் ஒருநாள் சுவரைச் சுரண்டுவதை விட்டிருந்தான் என்பதை ஜலஜா கவனித்தாள். எப்போது விட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. மாசியில் முதல் தடவையாகச் சங்கைத் தட்டிவிட்டு, தொண்டை கிழிய அழுதான். சமத்துப் போய்விட்டது என்று ஜெயலக்ஷ்மி மாமி வருத்தப்பட்டாள். அதோடு, "ஏண்டி, குழந்தை கறுத்துண்டு வரானே, எண்ணெய் மாத்திப் பாரேன்" என்றும் சொன்னாள்.

"கறுக்கட்டும்" என்றாள் செங்கமலம்.

வருஷம் முடிந்ததும் எல்லோரும் மலைக்குப் போனார்கள். செங்கமலம் அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி, படி ஏற முடியாது என்றாள். அவர்கள் திரும்பி வந்து பிரசாதம் கொடுத்தபோது, கண்ணில் ஒற்றிக்கொண்டு முழுவதையும் கிச்சாவின் கையில் வைத்தாள்.

மரியசெல்வத்தை மூன்று வருஷம் கழித்து ராயபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு கம்பவுண்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்வி; அதற்குமேல் தெரியாது. ஜலஜாவுக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இருவருக்கும் ஆறாம் மாதம் முடிந்ததுமே வீட்டிலேயே அன்னம் ஊட்டினார்கள். நாள் பார்க்கப் புரோகிதரைக் கூப்பிடச் சொல்லி அவசரப்படுத்தியவள் செங்கமலம்தான். ஊட்டும்போது அவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஸ்ரீரங்கன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஐம்பத்தேழாம் வருஷம் தூக்கத்தில் இறந்தான். ஜலஜா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குமேல் இருந்தாள். கிச்சா தகப்பனாரைப் போலக் கறுப்பாக, உயரமாக வளர்ந்து, மின்சார இலாகாவில் வேலை பார்த்து, அடையாற்றில் வீடு கட்டிக்கொண்டான். அவனுக்கு இதில் எதுவும் ஞாபகம் இல்லை. சொன்னாலும் அக்கறையாகக் கேட்டுக்கொள்வதில்லை. செங்கமலம் ஐம்பத்தொன்றாம் வருஷம் நெஞ்சுச் சளியில் காலமானாள். அந்தத் துவாதசியிலிருந்து சாகும்வரை அவள் அரிசிச் சோறு சாப்பிடவில்லை. கேட்டவர்களிடம் நீரிழிவு என்று சொல்லிவைத்திருந்தாள்.